பழைய மவுண்ட்டுக்குப் பிற நிறுவன லென்ஸ்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

உள்ளே மடங்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் 2008ஆம் ஆண்டு முதல் சந்தையில் இருக்கின்றன. அவற்றுள் சில வரிசைகள் இன்றும் வளர்கின்றன, சில நின்றுவிட்டன. வயதான மிரர்லெஸ் கேமராவுக்கு அதைத் தயாரித்த நிறுவனம் அல்லாத பிற நிறுவனங்களின் லென்ஸை வாங்கலாமா என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: என்னிடம் கேனான் ஈஓஎஸ் எம்50 கேமராவும் அதனுடன் வந்த 15-45 லென்ஸும் உள்ளன. வீட்டுக்குள், குறைந்த வெளிச்சத்தில், ஆட்களைப் படமெடுக்க ஒரு லென்ஸ் தேவைப்படுகிறது. அந்த வரிசையையே கேனான் நிறுத்திவிட்ட நிலையில், வேறு நிறுவனத்தின் லென்ஸை நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் இனி வரப்போகும் எதையும் எதிர்பார்த்து வாங்கக் கூடாது. இன்று சந்தையில் இருப்பது உங்கள் தேவைக்குப் போதுமா என்பதை மட்டுமே பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் கேமராவின் ஈஎஃப்-எம் மவுண்ட், அதாவது லென்ஸ் மாட்டும் அமைப்பு, 2012இல் அறிமுகமாகி 2023இல் முடிவுக்கு வந்தது. இந்த இடைவெளியில் கேனான் தன் பெயரில் வெளியிட்ட ஈஎஃப்-எம் லென்ஸ்கள் எட்டே எட்டு. அவற்றுள் உங்களுக்குப் பயன்படக்கூடியவை இரண்டு: 2012இல் வந்த 22 மி.மீ. எஃப்/2, 2018இல் வந்த 32 மி.மீ. எஃப்/1.4 (எஃப் எண் சிறியதாக இருந்தால் ஒளி நுழையும் திறப்பு பெரியது). முன்னது நூறு கிராமுக்குச் சற்றே கூடுதலான எடை கொண்ட, தட்டையான சிறு லென்ஸ். பின்னது அந்த வரிசையிலேயே மிகத் துல்லியமானது என்று பலராலும் மதிக்கப்படுவது. பிற நிறுவனங்களைப் பொறுத்தவரை, டாம்ரான் 18-200 மி.மீ. லென்ஸ் ஒன்றை 2014இல் கொடுத்தது. சிக்மா 2019இல் 16, 30, 56 மி.மீ. ஆகிய மூன்று எஃப்/1.4 லென்ஸ்களை இந்த மவுண்ட்டுக்குக் கொண்டுவந்தது. வில்ட்ராக்ஸ் நிறுவனம் 23, 33, 56 மி.மீ. லென்ஸ்களை, அவையும் எஃப்/1.4 தான், ஆட்டோஃபோகஸுடன் தந்தது. இவற்றுக்கு அப்பால் கையால் ஃபோகஸ் செய்ய வேண்டிய லென்ஸ்கள் ஏராளமாக உள்ளன.

நீங்கள் சொல்லும் தேவைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது சிக்மா 56 மி.மீ. லென்ஸையே. உங்கள் 15-45 லென்ஸை 45 மி.மீ. வரை நீட்டும்போது அதன் அதிகபட்சத் திறப்பு எஃப்/6.3 ஆகச் சுருங்கிவிடுகிறது. எஃப்/1.4இல் அதைவிட ஏறத்தாழ இருபது மடங்கு ஒளி உள்ளே வரும். அதாவது, முன்பு ஐஎஸ்ஓ எனப்படும் ஒளி உணர்திறன் 6400 தேவைப்பட்ட அதே அறையில், அதே ஷட்டர் வேகத்தில், 320இல் படம் எடுத்துவிடலாம். ஆனால் எம்50இன் சென்சாருக்கு அதிர்வைத் தாங்கும் ஏற்பாடு கிடையாது, இந்த லென்ஸிலும் கிடையாது. எனவே ஷட்டர் வேகத்தை 1/125க்குக் கீழே இறக்காமல் இருப்பது நல்லது. அறை சிறியது என்றால் 56 மி.மீ. நெருக்கடியாக இருக்கும், ஏனெனில் உங்கள் சென்சாரில் அது 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் சுமார் 90 மி.மீ. லென்ஸின் பார்வைக் கோணத்தையே தரும். அப்போது கேனானின் 32 மி.மீ. லென்ஸ் பொருத்தமாக இருக்கும்.

கேனான் தன் எட்டு லென்ஸ்களின் விட்டத்தையும் ஏறத்தாழ 61 மி.மீ. என்ற ஒரே அளவில் வைத்திருந்தது. சிறிய கேமரா சிறியதாகவே இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் அது. சிக்மாவின் 16 மி.மீ. லென்ஸோ நானூறு கிராம் எடையுடன் எம்50இன் உடலைவிடக் கனமாக உள்ளது. பையில் அடங்க வேண்டும் என்பதற்காகவே இந்த வரிசையை வாங்கியவர்கள் அந்த ஒரு லென்ஸைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகு முடிவு செய்வது உத்தமம்.

கேள்வி: பின்னாளில் கேனானின் புதிய ஆர் வரிசைக்கு மாறினால் இந்த லென்ஸ்களை அடாப்டர் போட்டுப் பயன்படுத்த முடியுமா? பழைய ஈஎஃப் லென்ஸ்களுக்கு அடாப்டர் இருக்கும்போது இவற்றுக்கு மட்டும் ஏன் இல்லை?

பதில்: முடியாது. இதற்குக் காரணம் நிறுவனத்தின் மனம் அல்ல, அளவு.

ஒவ்வொரு மவுண்ட்டுக்கும், லென்ஸ் வந்து அமரும் உலோக வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே நிலையான ஒரு தூரம் உண்டு. லென்ஸின் பின்புறம் அந்தத் தூரத்தில் பிம்பத்தைக் கூர்மையாக விழச் செய்யும்படி வடிவமைக்கப்படுகிறது. பிம்பத்தைத் திருப்பும் கண்ணாடி உள்ளே மடங்கும் பழைய ஈஎஃப் கேமராக்களில் இது 44 மி.மீ.; ஈஎஃப்-எம்மில் 18 மி.மீ.; ஆர் வரிசையின் ஆர்எஃப் மவுண்ட்டில் 20 மி.மீ. ஈஎஃப் லென்ஸை ஆர்எஃப் கேமராவில் மாட்டும்போது 24 மி.மீ. இடைவெளி மிஞ்சுகிறது, அந்த இடத்தை ஒரு வெற்றுக் குழாயும் மின்தொடர்புகளும் நிரப்பிவிடும். ஈஎஃப்-எம் லென்ஸோ சென்சாருக்கு 18 மி.மீ. தொலைவில் நிற்க வேண்டும். ஆர்எஃப் கேமராவின் வளையமே 20 மி.மீ. தள்ளி இருக்கிறது. அடாப்டருக்கு இடம் இல்லாதது மட்டுமல்ல, லென்ஸ் கேமராவுக்குள்ளேயே 2 மி.மீ. புதைந்து உட்கார வேண்டிய கணக்கு அது. நடுவே கூடுதல் லென்ஸ் கண்ணாடி வைத்து இதைச் சமாளிக்கலாம்தான். ஆனால் அதற்கு ஆகும் செலவும் குறையும் தரமும் அந்த முயற்சியைப் பொருளற்றதாக்கிவிடும்.

பிற நிறுவன லென்ஸ் வாங்கியவர்களுக்கு இங்கே சிறு வழி ஒன்று உண்டு. சிக்மா 2013 முதல் தன் ஆர்ட், கான்டெம்பரரி, ஸ்போர்ட்ஸ் வரிசை லென்ஸ்களுக்குக் கட்டணம் பெற்றுக்கொண்டு மவுண்ட்டை மாற்றித் தரும் சேவையை நடத்திவருகிறது. எல்லா லென்ஸுக்கும், எல்லா மவுண்ட்டுக்கும் இது பொருந்தாது. எனவே உங்களிடம் உள்ள லென்ஸ், நீங்கள் மாற விரும்பும் மவுண்ட் இரண்டையும் குறிப்பிட்டு அவர்களின் சேவை மையத்தில் எழுத்துமூலம் கேட்ட பிறகே அந்த வசதியை உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் ஈஎஃப்-எம் லென்ஸை விட்டுவிட்டு ஈஎஃப் லென்ஸையும் அடாப்டரையும் வாங்குவதே புத்திசாலித்தனம் அல்லவா? நாளை ஆர் வரிசைக்கும் உதவுமே?

பதில்: பாதி சரி. கேனான் கொடுத்த அடாப்டரில் கண்ணாடி ஏதும் இல்லை, மின்தொடர்புகள் மட்டுமே உள்ளன. ஆகவே படத்தின் தரம் குறைவதில்லை. எஸ்டிஎம் வகை மோட்டார் கொண்ட 50 மி.மீ. எஃப்/1.8 போன்ற எளிய ஈஎஃப் லென்ஸ்கள் எம்50இல் மரியாதையாக வேலை செய்கின்றன. எதிர்காலத்தை நினைத்துச் செலவிட வேண்டியவர்கள் தொலைநோக்கு லென்ஸ்களை, அதாவது 70-300 போன்றவற்றை, இந்த வழியில் வாங்குவது நியாயம். அந்த நீளத்தில் அடாப்டரின் 26 மி.மீ. பெரிய வித்தியாசமாகத் தெரியாது. அகன்ற கோண லென்ஸில் இதே ஏற்பாடு முன்பாரம் மிகுந்து, கைப்பிடி சிறுத்த கேமராவைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும்.

பிற நிறுவனங்கள் தயாரித்த பழைய ஈஎஃப் லென்ஸ்களை அடாப்டரில் மாட்டும்போதுதான் எச்சரிக்கை தேவை. அந்த லென்ஸ்களுள் சில, கேமராவிடம் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது கேனானின் ஏதோ ஒரு லென்ஸின் அடையாள எண்ணையே சொல்கின்றன. கேமராவும் அதை நம்பி, அந்தக் கேனான் லென்ஸுக்குரிய ஓர இருட்டுத் திருத்தத்தை உங்கள் படத்தின்மீது போட்டுவிடும். வானம் நிறைந்த படத்தில் ஓரங்கள் நடுப்பகுதியைவிட வெளுத்தோ, வட்ட வட்டமாகப் பட்டையிட்டோ தெரிந்தால் இதுவே காரணமாக இருக்கக்கூடும். கேமராவின் பட்டியலில் லென்ஸ் குறைபாட்டுத் திருத்தம் என்று உள்ள அனைத்தையும் அணைத்துவிட்டு, வேண்டிய திருத்தத்தைக் கணினியில் செய்துகொள்ளுங்கள்.

0.71 மடங்கு சுருக்கும் கண்ணாடி கொண்ட அடாப்டர்களைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அவை ஈஎஃப் லென்ஸின் பிம்பத்தைச் சிறிதாக்கி, ஒரு ஸ்டாப் அளவுக்கு, அதாவது இரு மடங்காக, ஒளியைக் கூட்டித் தருகின்றன. 50 மி.மீ. லென்ஸ் 35 மி.மீ. போல நடந்துகொள்ளும். வீடியோவுக்கு இது நல்ல கருவி. நிழற்படத்தில், முழுத் திறப்பில், மூலைகள் குழைந்து போவதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

கேள்வி: சில மவுண்ட்டுகளுக்குப் பிற நிறுவன லென்ஸ்கள் கொட்டிக்கிடக்கின்றன, சிலவற்றுக்கு ஒன்றும் இல்லை. இதை எது தீர்மானிக்கிறது?

பதில்: லென்ஸும் கேமராவும் பேசிக்கொள்ளும் நெறிமுறையை உரிமையாளர் வெளியே கொடுக்கிறாரா என்பதே முதல் காரணம், அந்த மவுண்ட்டில் எத்தனை கேமராக்கள் புழக்கத்தில் உள்ளன என்பது அடுத்தது.

ஒலிம்பஸும் பானாசோனிக்கும் 2008இல் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் மவுண்ட்டை அறிவித்தபோதே அதைப் பலரும் சேரக்கூடிய பொது ஏற்பாடாக வகுத்தன. சோனி தன் ஈ மவுண்ட்டின் அடிப்படை விவரங்களை 2011இல் லென்ஸ் தயாரிப்பாளர்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. இன்று அந்த மவுண்ட்டுக்கு இருக்கும் லென்ஸ் வளத்தின் வேர் அங்கே இருக்கிறது என்பது என் கணிப்பு. அந்தத் தாராளத்துக்கும் எல்லை உண்டு: சோனியின் மிக வேகமான கேமராக்கள், பிற நிறுவன லென்ஸ் மாட்டியிருக்கும்போது, தொடர் ஃபோகஸுடன் நொடிக்கு 15 படங்களுக்கு மேல் எடுப்பதில்லை. லைக்கா, பானாசோனிக், சிக்மா மூன்றும் 2018இல் எல் மவுண்ட்டுக்காகக் கூட்டணியே அமைத்தன.

கேனானின் போக்கு வேறு. அதன் ஆர்எஃப் மவுண்ட்டுக்கு வில்ட்ராக்ஸ் விற்றுவந்த ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் 2022இல் கேனானின் தலையீட்டுக்குப் பிறகு சந்தையிலிருந்து விலகின. பின்னர் 2024இல் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் முறைப்படி உரிமம் கிடைத்து, எம்50இல் உள்ளது போன்ற சிறிய சென்சாருக்கான ஏபிஎஸ்-சி அளவு லென்ஸ்கள் வரத் தொடங்கின. ஈஎஃப்-எம் மவுண்ட்டை விட்டுவிட்டு ஆர்எஃப்புக்கு லென்ஸ் தயாரிக்கும் வழி அவர்களுக்குத் திறந்த பிறகு, பழைய மவுண்ட்டுக்குப் புது லென்ஸ் செய்ய யாருக்கும் வணிகக் காரணம் மிஞ்சவில்லை.

உரிமம் இல்லாத நிறுவனங்கள், கேமரா அனுப்பும் மின்சமிக்ஞைகளைக் கவனித்து அவற்றின் பொருளைத் தாமே கண்டறிந்து லென்ஸ் செய்கின்றன. புதிய ஃபர்ம்வேரில், அதாவது கேமராவின் உள் மென்பொருளில், கேமரா ஒரு சொல்லை மாற்றிப் பேசினாலும் அந்த லென்ஸ் திகைத்து நின்றுவிடலாம். பழைய மவுண்ட் கேமரா வைத்திருப்போருக்கு இதில் ஒரு சாதகம் ஒளிந்திருக்கிறது. உற்பத்தி நின்றுவிட்ட கேமராவுக்குப் புதிய ஃபர்ம்வேர் வருவதும் பெரும்பாலும் நின்றுவிடுவதால், இன்று சரியாக வேலை செய்யும் லென்ஸ் நாளை அந்தக் காரணத்தால் கெட்டுப்போக வாய்ப்பு மிகக் குறைவு.

கேள்வி: பானாசோனிக்கின் பழைய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவில் சிக்மா 30 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ் போட்டிருக்கிறேன். நிழற்படத்தில் குறையே இல்லை. வீடியோவில் மட்டும் பின்னணி மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்குகிறது. லென்ஸ் பழுதா?

பதில்: பழுது அல்ல. உங்கள் கேமரா ஃபோகஸ் செய்யும் முறையே இதற்குக் காரணம்.

பழைய பானாசோனிக் கேமராக்கள் படத்தின் கூர்மையை அளந்து ஃபோகஸ் செய்பவை. கூர்மையின் உச்சம் எங்கே இருக்கிறது என்று அறிய, லென்ஸை அந்த உச்சத்தைத் தாண்டிச் செலுத்தி, கூர்மை குறைவதைக் கண்ட பிறகு திரும்பி வர வேண்டும். இந்தத் தடுமாற்றத்தைக் குறைக்க 2014இல் ஜிஎச்4 கேமராவுடன் டிஎஃப்டி என்ற முறையை பானாசோனிக் கொண்டுவந்தது: ஃபோகஸ் சற்றே வேறுபட்ட இரண்டு படங்களை ஒப்பிட்டு, அந்த லென்ஸில் மங்கல் எப்படி விழும் என்று முன்பே பதிந்து வைத்துள்ள விவரத்தைக் கொண்டு, எந்தத் திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்று கேமரா கணக்கிடுகிறது. அந்த விவரம் பானாசோனிக் லென்ஸ்களுக்கு மட்டுமே கேமராவில் இருக்கிறது. சிக்மா லென்ஸை மாட்டியதும் கேமரா பழைய முறைக்கே திரும்பிவிடுகிறது. எஃப்/1.4இல் கூர்மையான பகுதி மிக மெல்லியது என்பதால், நிழற்படத்தில் கண்ணுக்குப் படாத முன்பின் அசைவு வீடியோவில் அப்படியே பதிவாகிவிடுகிறது.

ஒலிம்பஸ் லென்ஸ் மாட்டினாலும் இதே நிலைதான். ஒரே மவுண்ட்டைப் பகிர்ந்துகொள்ளும் இரு நிறுவனங்களே தம் சிறந்த வசதிகளை ஒருவருக்கொருவர் முழுமையாகத் தருவதில்லை. உடலிலும் லென்ஸிலும் உள்ள அதிர்வுத் தடுப்பு இரண்டும் சேர்ந்து இயங்குவதும் அவரவர் லென்ஸுக்கே கிட்டுகிறது. பிற நிறுவன லென்ஸ் வாங்குவோர் இந்த வசதிகளைத் துறந்தே வாங்குகிறார்கள் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆள் நகராத காட்சிகளில் ஒருமுறை ஃபோகஸ் செய்து பூட்டிவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஆள் நகர்ந்தால் எஃப்/2.8 அல்லது எஃப்/4 வரை திறப்பைக் குறையுங்கள். உங்கள் கேமராவின் பட்டியலில் தொடர் ஃபோகஸின் வேகத்தையும் உணர்திறனையும் மாற்றும் வசதி இருந்தால் இரண்டையும் தாழ்த்துங்கள். நாளை கேமராவை மாற்ற நேர்ந்தால், 2023இல் வந்த ஜி9-2 முதல் பானாசோனிக் இந்த மவுண்ட்டில் கட்ட வேறுபாட்டு ஃபோகஸை, அதாவது எந்தத் திசையில் நகர வேண்டும் என்று முன்பின் தேடாமலே அறியும் முறையை, கொடுக்கத் தொடங்கிவிட்டது. உங்கள் சிக்மா லென்ஸ் அதில் வேறு லென்ஸ் போல நடந்துகொள்ளும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வயதில் ஈஎஃப்-எம்மைவிட நான்காண்டு மூத்தது. ஒலிம்பஸின் கேமராத் தொழில் 2021இல் ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற வேறு நிறுவனத்தின் கைக்குப் போனது. இருந்தும் அந்த மவுண்ட்டில் புதிய கேமராக்கள் வந்துகொண்டிருக்கின்றன. பழையதாவது வேறு, கைவிடப்படுவது வேறு. வயதை மட்டும் பார்த்து ஒரு மவுண்ட்டை ஒதுக்காதீர்கள்.

கேள்வி: கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸை மாட்டினால், லென்ஸ் இல்லை என்று சொல்லி ஷட்டர் இயங்க மறுக்கிறதே?

பதில்: அந்த லென்ஸில் மின்தொடர்புகள் இல்லை, கேமராவுக்கு அது வெறும் துளைதான். பட்டியலில் லென்ஸ் இல்லாமல் ஷட்டரை இயக்கலாம் என்ற அமைப்பைத் தேடி அனுமதியுங்கள். சென்சாரில் அதிர்வுத் தடுப்பு இருந்தால் லென்ஸின் குவியத்தொலைவையும் (பெயரில் உள்ள மி.மீ. அளவு) நீங்களே எண்ணாக உள்ளிட வேண்டும். முன்பு மாட்டிய லென்ஸின் எண் அப்படியே இருந்தால் தடுப்பே படத்தைக் கலக்கிவிடும்.

கேள்வி: உற்பத்தி நின்றுவிட்ட நிகான் 1, சாம்சங் என்எக்ஸ் மிரர்லெஸ் கேமராக்களுக்கும் இப்படிப் பிற நிறுவன லென்ஸ்கள் உண்டா?

பதில்: பெயர் சொல்லும்படி ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் இல்லை. என்எக்ஸுக்கு சாம்யாங் கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸ்கள் சில கொடுத்தது. நிகான் 1இல் எஃப்டி1 அடாப்டர் வழியாக நிகானின் ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் ஃபோகஸ் செய்யும், அதுவும் நடுப்புள்ளியில் மட்டும். இந்த இரண்டு வரிசைகளிலும் அந்தந்த நிறுவனத்தின் லென்ஸ்களைப் பழைய பொருளாகத் தேடிப் பிடிப்பதே ஒரே வழி.

கேள்வி: பழைய மவுண்ட்டுக்குப் பயன்படுத்திய லென்ஸ் வாங்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: உங்கள் கேமராவையே எடுத்துச் சென்று மாட்டிப் பாருங்கள். மிரர்லெஸ் லென்ஸ்களில் பெரும்பாலானவற்றின் ஃபோகஸ் வளையம் மின்சாரத்தால் இயங்குவது. கேமராவில் மாட்டாமல் வளையத்தைத் திருகிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. லென்ஸை ஆட்டும்போது உள்ளே ஏதோ இடறுவது போன்ற ஓசை வந்தாலும் அஞ்ச வேண்டாம். மின்சாரம் இல்லாதபோது உள்ளிருக்கும் கண்ணாடித் தொகுதி வழுக்குவது சில வகை மோட்டார்களில் இயல்பு. ஈஎஃப்-எம் மவுண்ட்டில் சிக்மா லென்ஸின் ஃபர்ம்வேரை மாற்ற யுடி-11 என்ற தனிக் கருவி வேண்டும். விற்பவரிடம் அது இருந்தால் சேர்த்துக் கேளுங்கள்.

பின்புற மின்தொடர்புகளில் பச்சை படர்ந்திருக்கிறதா, வளையத் திருகுகளின் தலை சிதைந்திருக்கிறதா என்று பாருங்கள். சிதைந்திருந்தால் யாரோ லென்ஸைப் பிரித்திருக்கிறார்கள். பிறகு முக்காலியில் வைத்து, தொலைவில் படம் முழுவதும் பரவி நிற்கும் ஏதேனும் ஒன்றை முழுத் திறப்பில் எடுத்து, இட ஓரத்தையும் வல ஓரத்தையும் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்தால் கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே காட்சியை மீண்டும் எடுங்கள். கேமராத் திரையில் திருப்பாமல் பார்க்கும்போது, சட்டத்தின் அதே பக்கமே மறுபடியும் மங்கினால் லென்ஸின் கண்ணாடி நடுவிலிருந்து விலகியிருக்கிறது. மங்கல் எதிர்ப்பக்கத்துக்கு மாறினால் காட்சிதான் சாய்வாக இருந்திருக்கிறது, லென்ஸ்மீது குற்றமில்லை. விலகிய லென்ஸைச் சரிசெய்ய, உற்பத்தி நின்றுவிட்ட மவுண்ட்டில் உதிரி பாகம் கிடைப்பது அரிது என்பதால், எவ்வளவு விலை குறைத்தாலும் அதை வாங்காதீர்கள்.